கோட்டுக்கு முன்னால் நின்றவன்

ரயில் பெட்டிக்குள் குடியிருப்பவர்களுக்குக் காலையில் முதல் வேலை, கதவை இழுத்துத் திறந்து பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான். எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் வந்து இடிக்கும். நாலைந்து பெட்டிகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேறொரு தண்டவாளத்தில் விட்டுவிடும். நேற்றுத் தண்ணீர்க் குழாய்க்கு அடுத்து இருந்த குடும்பம் இன்று நிலக்கரிக் குவியலுக்கு அடுத்து இருக்கும். போரில் தோற்று, நாட்டின் ஓரங்களையெல்லாம் அண்டை நாடுகள் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கிருந்து ஓடி வந்தவர்களுக்குப் புடாபெஸ்டில் வீடு இல்லை. ரயிலடிக்குப் பின்னால் ஓர் ஊரே சக்கரத்தின் மேல் இருந்தது.

எடெல்காவும் அவள் அப்பா இக்னாத்ஸும் தெமெஷ்வாரிலிருந்து வந்தவர்கள். கிழவர் ரயிலில் கார்டாக இருந்தவர். ஊரைப் பிடித்துக்கொண்ட நாட்டின் புது ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று சொன்னார். வேலை போயிற்று, குவார்ட்டர்ஸ் போயிற்று. ஒரு சரக்குப் பெட்டியில் கட்டிலையும் அலமாரியையும் இரும்பு அடுப்பையும் ஏற்றி இருவரையும் அனுப்பிவிட்டார்கள். "காலம் பூரா ரயில்ல போனேன், இப்ப ரயில்லயே இருக்கேன். சர்க்கார் குடுத்த பென்ஷன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் எடெல்கா வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ரஷ்யச் சிப்பாயின் கோட்டு போட்ட ஒருவன் தண்டவாளங்களைத் தாண்டித் தாண்டி வந்தான். முகம் முழுக்கத் தாடி. இடது காலை ஊன்றும்போதெல்லாம் தோள் ஒரு பக்கம் இறங்கியது. தெமெஷ்வார்க்காரர்களின் பெட்டி எது என்று கேட்டான். அவள் ஈரக்கையால் காட்டிவிட்டுத் துணியைப் பிழியத் திரும்பினாள். படியில் உட்கார்ந்து பைப்பில் புகை பிடித்துக்கொண்டிருந்த கிழவர்தான் எழுந்து நின்றார்.

"அடியே எடெல்கா, கண்ணு பொட்டையாடி உனக்கு? கட்டினவனுக்கே வழி சொல்றியே!"

அது வெண்டெல். போத்னார் வெண்டெல். போருக்குப் போன முதல் குளிர்காலத்தில் கார்பாத்திய மலையில் பிடிபட்டு, சைபீரியாவில் ஐந்து வருஷம் முள்வேலிக்குள் இருந்தவன். பிழியாத துணி கையிலிருந்து நழுவித் தண்டவாளத்துச் சரளையில் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்டாள். கோட்டுக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சோள ரொட்டியும் டர்னிப் சூப்பும் இருந்தன. அவன் ரொட்டியை மார்போடு அணைத்தபடி சாப்பிட்டான். யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்ற பழக்கம். பாதி சாப்பாட்டில் நிறுத்தி, மாமனாரை நிமிர்ந்து பார்த்தான்.

"பெர்லின்ல யாரு ஜெயிச்சாங்க, மாமா?"

எடெல்காவுக்குப் புரியவில்லை. கிழவருக்கும் கொஞ்ச நேரம் புரியவில்லை.

"பெர்லின்லயா? அங்க ஒருத்தனும் ஜெயிக்கல மாப்பிள்ளை. எல்லாரும் தோத்தாச்சு."

"சண்டையக் கேக்கல. எண்ணூறு மீட்டர். ஒலிம்பிக்ல."

அப்போதுதான் அவர்களுக்கு விளங்கிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷம் பெர்லினில் நடக்க வேண்டிய ஒலிம்பிக் போட்டி நடக்கவே இல்லை என்று எடெல்கா மெதுவாகச் சொன்னாள். அந்தச் செய்தி சைபீரியாவுக்குப் போய்ச் சேரவில்லை. தான் இல்லாத ஓட்டத்தில் வேறு எவனோ ஜெயித்திருப்பான் என்றே அவன் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தான்.

"அப்ப இன்னும் முடியல. அடுத்தது எப்போ?"

"இந்த வருஷம்தான், ஆகஸ்டுல. பெல்ஜியத்துல" என்றார் கிழவர். பிறகு பைப்பைப் படியில் தட்டிக்கொண்டே, "ஆனா நம்மளக் கூப்பிடல. தோத்தவங்கள எவன் விருந்துக்குக் கூப்பிடுவான்?"

வெண்டெல் ரொட்டியைக் கீழே வைத்தான். அதன் பிறகு எடுக்கவில்லை.

தெமெஷ்வாரில் அவன் தந்தி கொடுக்கிற பையனாக இருந்தவன். பேகா ஆற்றங்கரையில் சைக்கிள்காரர்களை ஓடியே முந்துகிறான் என்று ஊரில் பேச்சு. உடற்பயிற்சி வாத்தியார் ஒருவர் பிடித்துக்கொண்டுபோய் மைதானத்தில் விட்டார். இருபது வயதில் தலைநகரத்துக்கு வந்து, டான்யூப் ஆற்றின் நடுவிலுள்ள மார்கிட் தீவு மைதானத்தில் நாட்டுச் சாம்பியன் ஆனான். மறு வருஷமும் அவன்தான். பத்திரிகையில் படம் வந்தது. கறுப்புக் கால்சட்டையும் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டையும் மீசையுமாக. பன்னிரண்டாம் வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குப் போனான். அரையிறுதியில் கடைசி வளைவில் உள்பக்கம் மாட்டிக்கொண்டான். முன்னால் ஒருவன், பக்கத்தில் ஒருவன். வெளியே வர வழி கிடைக்கவில்லை. வழி கிடைத்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. உடம்பில் இன்னும் ஓட்டம் மிச்சமிருக்கும்போதே வெளியேறினான். ஊருக்குத் திரும்பி ரயிலை விட்டு இறங்கியதும் எடெல்காவிடம், "எனக்குள்ள பாதி அப்படியே இருக்கு. அத பெர்லின்ல ஓடி முடிச்சிருவேன்" என்றான். அந்த வருஷக் கடைசியில்தான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான்.

அந்தப் பாதியைத்தான் அவன் சைபீரியாவிலும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். பனியில் ஒருவரும் வெளியே வராதபோது வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி ஓடுவானாம். காவல்காரர்கள் சிரிப்பார்களாம். இரண்டாம் குளிர்காலத்தில் இடது காலில் பனி பிடித்துக்கொண்டது. பெருவிரலையும் அதற்கடுத்த விரலையும் முகாம் மருத்துவர் வெட்டிவிட்டார். வந்த மறுநாள் காலை அவன் கால் கழுவும்போது எடெல்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அவனே சொன்னான்: "நடக்கத்தான் கஷ்டம். ஓடும்போது தெரியாது."

அது பொய் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

எடெல்காவுக்கு மார்கிட் தீவின் கந்தக வெந்நீர்க் குளியல் கூடத்தில் வேலை. துண்டு கொடுப்பது, துண்டு வாங்குவது, துண்டு துவைப்பது. மைதானத்து ஓட்டக்காரர்கள் பயிற்சி முடிந்து அங்கேதான் குளிக்க வருவார்கள். மைதானத்துச் சங்கத்தின் செயலாளர் லோராண்டும் வருவார். ஒரு நாள் அவள் வெண்டெலை அவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். லோராண்ட் அவனைத் தழுவிக்கொண்டார்; கண் கலங்கினார்; பிறகு அவன் நடந்து வந்த விதத்தை நினைத்தோ என்னவோ, குரலை மாற்றிக்கொண்டார்.

"போத்னார், செப்டம்பர்ல நம்ம போட்டி வருது. நீதான் துப்பாக்கி சுட்டுத் தொடங்கி வைக்கணும். உன் பேரச் சொன்னா ஜனங்க எழுந்து நிப்பாங்க."

"நான் சுட வரல, லோராண்ட் ஐயா. சுட்டதும் சுடப்பட்டதும் போதும். ஓட வந்தேன்."

"கால்…"

"கால் என்னோடது."

லோராண்ட் எடெல்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கடைசியில் அவர் பெயரை எழுதிக்கொண்டார். மறுக்கிற தைரியம் அவருக்கு இல்லை.

அன்றிலிருந்து வெண்டெல் விடியற்காலையில் தண்டவாளங்களுக்கு நடுவே ஓடினான். ஷூவின் முனையில் கம்பளி நூலைத் திணித்துக்கொள்வான். பெட்டி வாசல்களில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆரம்பத்தில் கைதட்டினார்கள், பிறகு பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பெட்டி வேறு எங்கோ நகர்ந்திருக்கும். நொண்டிக்கொண்டே தேடிக்கொண்டு வருவான்.

"மாப்பிள்ளை, உன்னைவிட நம்ம வீடு வேகமா ஓடுது" என்பார் கிழவர்.

"அதுக்கு எஞ்சின் இருக்கு மாமா."

"உனக்கு ஒரு கால்தான் இருக்கு. பேசாம பெட்டியோட பெட்டி சேக்கற கூப்ளிங் மாட்ற வேலைக்குச் சேந்துக்க. நான் சொல்லி வைக்கிறேன்."

"செப்டம்பர் முடியட்டும்."

அவனுடைய காலுறை தினமும் ரத்தத்தில் ஒட்டியிருந்தது. எடெல்கா வெந்நீரில் நனைத்து நனைத்துப் பிரித்தெடுப்பாள். ஒரு நாள் தாங்கமாட்டாமல், "யாருக்காக ஓடற? இந்த நாட்ல இப்ப சாப்பாட்டுக்கே வழியில்ல. நீ ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?" என்று கேட்டுவிட்டாள்.

"ஓட முடியலைன்னா நான் எதுக்குடி திரும்பி வந்தேன்?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளுக்கு வலித்தது. அஞ்சு வருஷம் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல், புது ராஜா வந்து, வீடு போய், சரக்குப் பெட்டியில் ஆட்டுமந்தை மாதிரி வந்து சேர்ந்து, அப்போதும் காத்திருந்தவள் அவள். எதற்குத் திரும்பி வந்தாய் என்பதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அவன் அவளைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் தன் காலைப் பார்த்துக் கேட்டான்.

ஆகஸ்ட் முடிகிற ஒரு சாயங்காலம் வேலை விட்டு வரும்போது மார்கிட் பாலத்தின் நடுவில் அவன் நிற்பதைக் கண்டாள். கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து டான்யூபைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோ வேகமாப் போகுது பாரு" என்றான். "பயிற்சியே கிடையாது அதுக்கு."

"வா, போலாம்."

"செப்டம்பர்ல தோத்தேன்னா அதோட முடிச்சுக்கறேன், எடெல்கா."

"எத? ஓட்டத்தையா?"

அவன் மறுபடி தண்ணீரைப் பார்த்தான். அவள் கோட்டை விடவே இல்லை. பாலம் முடிகிறவரைக்கும் பிடித்தபடியே நடந்தாள்.

மறுநாள் அவள் பர்னாவைத் தேடிப் போனாள். பர்னா அந்த வருஷத்துச் சாம்பியன். சட்டம் படிக்கிற பையன். நீளமான கால்கள், எப்போதும் கழுத்தில் ஒரு துண்டு. குளியல் கூடத்துக்குப் பின்னால், சாயம்போன நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் அவனை நிறுத்தினாள்.

"தம்பி, உங்களுக்கு நான் யாருன்னு தெரியுமா?"

"துண்டு குடுக்கறவங்க… வெண்டெல் அண்ணனோட சம்சாரம்னும் சொன்னாங்க."

"போட்டில அவர ஜெயிக்க விடுங்க."

பர்னா சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, அது மோசடி."

"தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாரு."

"தோத்தா அவரு தன்னையே கொன்னுக்குவாரு."  அழக் கூடாது என்று வந்திருந்தாள். "நீங்க சின்னப் பையன். அடுத்த வருஷம் ஜெயிப்பீங்க. அதுக்கடுத்த வருஷமும் ஜெயிப்பீங்க. அவருக்கு இது ஒண்ணுதான்."

பர்னா துண்டின் முனையைத் திருகினான்.

"என் அண்ணன் இத்தாலிச் சண்டையில போயிட்டான். அவன் கட்டிலுக்கு மேல வெண்டெல் அண்ணன் படம்தான் ஒட்டியிருக்கும். பட்டை போட்ட பனியன், மீசை. இப்பவும் இருக்கு. எங்கம்மா எடுக்க விடல." பிறகு, "ஓடப்போற மத்த மூணு பேருகிட்டயும் நான் பேசறேன். ஆனா அம்மா, தயவுசெஞ்சு எனக்கு நன்றி சொல்லாதீங்க" என்றான்.

போட்டி நாளில் வெயில் நன்றாக இருந்தது. ஜனங்களும் நிறைய வந்திருந்தார்கள். வேறு எதற்குத்தான் போவார்கள்? ரயில் பெட்டி ஊரே திரண்டு வந்திருந்தது. இக்னாத்ஸ் கார்டு தொப்பியை மாட்டிக்கொண்டு முன் வரிசையில் நின்றார். எடெல்கா வேலியை ஒட்டி, முடியும் கோட்டுக்கு நேராக நின்றாள். வெண்டெல் பழைய கறுப்புக் கால்சட்டை போட்டிருந்தான். அது இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தான்.

துப்பாக்கியை லோராண்டே சுட்டார். ஐந்து பேர் கிளம்பினார்கள். முதல் சுற்றில் வெண்டெல் முன்னால் போனான். அவன் உண்மையாகவே ஓடினான். அதில் சந்தேகமே இல்லை. தோள் இறங்கி இறங்கி ஏறியது, இருந்தாலும் அந்தப் பழைய வீச்சு கொஞ்சம் இருந்தது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. பர்னா அவன் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால். வளைவில் வெண்டெலின் நடை தளர்ந்தது. ஆனாலும் யாரும் முந்தவில்லை.

கூட்டத்தில் யாரோ "தெமெஷ்வார்!" என்று கத்தினார்கள். உடனே பத்துப் பேர் கத்தினார்கள். பிறகு மைதானம் முழுக்க அதே சத்தம்: "தெமெஷ்வார்! தெமெஷ்வார்!" பெண்கள் அழுதார்கள். தொப்பிகள் பறந்தன. பறிபோன ஊர்களெல்லாம் அவன் கோட்டில் கட்டிய நாடாவைத் தொட்டால் திரும்பி வந்துவிடும் போலக் கத்தினார்கள். கிழவர் தன்னை மறந்து விசில் ஊதினார். எடெல்கா வேலியைப் பிடித்துக்கொண்டாள். போதும் கடவுளே, இன்னும் கொஞ்சம்தான், கண்டுபிடிக்காமல் இருக்கட்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

நாடாவுக்கு நாலடி இருக்கும்போது வெண்டெல் நின்றான்.

அப்படியே நின்றான். பின்னால் வந்த பர்னா மோதாமல் இருக்கத் தடுமாறி நின்றான். அவனுக்குப் பின்னால் மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து பேர் கோட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள், கோட்டைத் தாண்ட ஒருவனுக்கும் மனசில்லை. நாடா காற்றில் ஆடுகிறது. ஓட்டத்தில் அப்படி ஒரு காட்சியை அந்த மைதானம் பார்த்ததே கிடையாது. கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

வெண்டெலுக்கு மூச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு திரும்பினான்.

"உனக்கு மூச்சே வாங்கலையேடா" என்றான் பர்னாவைப் பார்த்து. "வாய மூடிக்கிட்டு ஓடற. அம்புட்டு நேரமா என் காதுக்குப் பக்கத்துல ஓடற, உன் மூச்சு எனக்குக் கேக்கவே இல்ல."

பர்னாவின் முகம் சிவந்தது.

"போ. தாண்டு."

"அண்ணா…"

"தாண்டுடா!"

பர்னா தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய் நாடாவைத் தொட்டான். ஒருவரும் கைதட்டவில்லை. வெண்டெல் புல்லின் குறுக்கே நொண்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தான். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 

எடெல்கா பாலத்தில் அவனை எட்டிப் பிடித்தாள்.

"எவன் இந்த வேலைய பாத்தான்? லோராண்டா?" என்று கேட்டான்.

சும்மா இருந்திருக்கலாம். லோராண்ட் என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அவளால் முடியவில்லை.

"நான்தான். நான்தான் போய்க் கெஞ்சினேன்."

அவன் நின்றான். அடிப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் ஒரு சத்தம் போட்டான், அழுகையுமில்லை, சிரிப்புமில்லை.

"ஏன்டி? ரஷ்யாக்காரன் விரல எடுத்தான், பொறுத்துக்கிட்டேன். மிச்சத்த நீ எடுத்துட்டியேடி."

"நீ செத்துப் போறேன்னு சொன்ன!"

"தோத்தா செத்துப்போறேன்னு சொன்னேன். தோக்கக்கூட விடமாட்டேன்னுட்டியே."

"நான் காத்திருந்தது உன் காலுக்கில்ல, வெண்டெல்!" என்று அவள் கத்தினாள். பாலத்தில் போன குதிரைவண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "உன் ஓட்டத்துக்கில்ல. பெர்லினுக்கில்ல. நீ எதுக்குத் திரும்பி வந்தேன்னு கேட்டியே, ஒரு தடவையாவது என்னைப் பாத்துக் கேட்டியா?"

அவன் அவளைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை.  சட்டென்று திரும்பி, வந்த வழியே நடந்தான். நடந்தவன் ஓடினான். பாலத்தின் நடுவை நோக்கி அவன் ஓடுவதை எடெல்கா கண்டாள். உடனே ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு பின்னால் ஓடினாள். வழியில் போனவர்களைப் பார்த்து "பிடிங்க, பிடிங்க" என்று அலறினாள். யாரும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. பாலத்தின் நடுவிலிருந்து தீவுக்கு இறங்கும் கிளைப் பாதையில் திரும்பிப் போய்விட்டான்.

மைதானத்தில் ஜனங்கள் கலைந்திருந்தார்கள். பர்னா பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லோராண்ட் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரு" என்றான் வெண்டெல். "இன்னொரு தடவை. இந்தத் தடவை ஓடு."

"போத்னார், பைத்தியமா உனக்கு? காலப் பாரு!" என்றார் லோராண்ட். ஷூவின் ஓரத்தில் ரத்தம் கசிந்து கறுத்திருந்தது.

"ஐயா, துப்பாக்கி உங்ககிட்டத்தான இருக்கு? சுடுங்க."

பர்னா எடெல்காவைப் பார்த்தான். மூச்சிரைக்க, வெறுங்காலோடு வேலிக்கருகில் நின்றிருந்த அவள் தலையசைத்தாள்.

"முழுசா ஓடுங்க தம்பி" என்றாள். "நான் சொன்னத மறந்துருங்க."

காலி மைதானத்தில் அவர்கள் இருவரும் ஓடினார்கள். முதல் சுற்று முழுக்க வெண்டெல் பர்னாவோடு போனான். எப்படிப் போனான் என்று லோராண்ட் பின்னாளில் பலரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஒரு சுற்றில் தோள் இறங்கவில்லை, நொண்டல் இல்லை. பத்திரிகைப் படத்திலிருந்தவன் இறங்கி வந்து ஓடுவது போலிருந்தது. ஸ்டாக்ஹோமில் மிச்சம் வைத்திருந்த பாதியை அவன் அங்கே செலவழித்தான். எடெல்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இவனைத்தான் கல்யாணம் செய்துகொண்டோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாம் சுற்றில் பர்னா வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் போனான். போய்க்கொண்டே இருந்தான். அவன் கோட்டைத் தாண்டியபோது வெண்டெல் கடைசி வளைவைக்கூடத் தொடவில்லை. கால் மடங்கியது. எழுந்தான். மறுபடி மடங்கியது. லோராண்ட் ஓடிப்போய்த் தூக்கப் போனார். எடெல்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் நடந்தும் தவழ்ந்தும் வந்து கோட்டைத் தாண்டி, புல்லில் குப்புற விழுந்தான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் தோத்தேன்" என்றான்.

மனசு ஆறியிருக்கும் என்று அவள் நினைத்தாள். ஆறவில்லை. அவள் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சைபீரியாவில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். பர்னா தள்ளி நின்று, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

கால் சீழ் பிடித்துக்கொண்டது. அகதிகளுக்காக ஒதுக்கியிருந்த ஒரு மருத்துவக் கூடத்தில் முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள். காய்ச்சலில் பல நாள் அவன் யாரையும் அடையாளம் காணவில்லை. எடெல்கா வேலைக்குப் போய்விட்டு நேராக அங்கே போவாள். ஒரு நாள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "உனக்கு ஷூ வாங்கணுமே, தூக்கி எறிஞ்சிட்டியே" என்றான். பிழைத்துவிடுவான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. பிழைத்தும் என்ன செய்வான் என்று தெரியவில்லை.

முதல் பனி விழுந்த வாரம் பர்னா வந்தான். கையில் ஒரு பாத்திரத்தில் பிளம் பழ ஜாம். அவன் அம்மா கொடுத்தனுப்பியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சை ஆரம்பித்தது வெண்டெல்தான்.

"பெல்ஜியத்துல எண்ணூறு மீட்டர் யாருடா ஜெயிச்சது?"

பர்னா எடெல்காவைப் பார்த்தான். அவளுக்கு அதற்கு என்ன பதில் என்று தெரியாது. நம்மைக் கூப்பிடாத போட்டியைப் பற்றி அந்த ரயில் பெட்டி ஊரில் யாரும் பேசியதில்லை.

"ஒரு இங்கிலீஷ்காரன் அண்ணா."

"சின்னப் பையனா? உன்ன மாதிரியா?"

பர்னா பொய் சொல்லப் பார்த்தான். வாய் வரவில்லை. ஒரு தடவை பொய்யாக ஓடியது போதும் என்று நினைத்தானோ என்னவோ.

"முப்பத்தொரு வயசாம்."

 வெண்டெலுக்கும் அந்த வயசுதான்.

"சண்டைக்குப் போனவனா?"

"போனவன்தானாம்."

"காலு?"

"நல்லாத்தான் இருக்கு போல."

வெண்டெல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் மார்பு மேலும் கீழும் போயிற்று. எடெல்கா எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோ நேரத்துல ஓடினான்?" என்று கேட்டான்.

பர்னா சொன்னான்.

வெண்டெல் கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே உதடுகள் அசைந்தன. எங்கோ கடைசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தான். பிறகு, "என்னால முடிஞ்சிருக்கும்" என்றான்.

"முடிஞ்சிருக்கும் அண்ணா."

 எடெல்கா அவன் கையை இன்னும் கொஞ்சம் இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டி இப்போது எந்தத் தண்டவாளத்தில் நிற்கிறதோ, தேடிப்பிடித்துப் போக வேண்டும், அப்பாவுக்குச் சூப் வைக்க வேண்டும். ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.